தவளைக்குப் பின்னால் ஒரு ரசீதுப் புத்தகம்

ஆசிரியர் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தை நான் 16 வருடம் பள்ளி ஆய்வகத்தில்தான் வைத்திருந்தேன். ஃபார்மலினில் மிதக்கும் தவளை ஜாடிக்குப் பின்னால், காலாவதியான அமில பாட்டில்களுக்குப் பக்கத்தில். யாரும் அதைத் தடை செய்யவில்லை. சங்கத்தில் சேரக் கூடாது என்று எங்கள் பள்ளியில் எந்தத் தாளாளரும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் ஸ்டாஃப் ரூம் மேசையில் அது கிடக்கும்போது தாளாளரான ஃபாதர் உள்ளே வந்துவிட்டால் ஒரு சங்கடம். அவர் பார்ப்பார், பார்க்காத மாதிரி இருப்பார். நான் அதன் மேல் ரெக்கார்டு நோட்டுகளை நகர்த்தி வைப்பேன். எதற்கு இருவருக்கும் கஷ்டம் என்று தவளையிடம் ஒப்படைத்துவிட்டேன்.

2022-இல் ஓய்வு பெற்றேன். 58 வயதில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அரசு அதை 59 ஆக்கியது, அடுத்த வருடமே 60 ஆக்கியது. ஆக மொத்தம் 34 வருடம், ஒரே கத்தோலிக்க மறைமாவட்டத்தின், அதாவது ஒரு ஆயரின் (பிஷப்பின்) கீழ் வரும் பகுதியின், அரசு உதவி பெறும் பள்ளிகளில், அறிவியல் டீச்சராக. எந்த மறைமாவட்டம், எந்தப் பள்ளி என்பதை எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

திருச்சபையின் பேச்சில் எங்களுக்குப் பெயர் பொதுநிலையினர். குருவும் கன்னியரும் அல்லாத எல்லோரும் அதில் அடக்கம். பள்ளி வருகைப் பதிவேட்டைத் திறந்தால் முதலில் ஃபாதர் பெயர், அடுத்து சிஸ்டர்கள், அதற்குக் கீழேதான் சீனியாரிட்டிப்படி நாங்கள். நேற்றுப் பட்டம் வாங்கி வந்த இளம் சிஸ்டரின் பெயருக்குக் கீழே 28 வருட சர்வீஸ் உள்ள தமிழ் ஐயா கையெழுத்துப் போடுவார். இதை யாரும் ஒரு குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. கோயிலில் யார் முன்னால் உட்கார வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். என் அப்பா உபதேசியார். காலை 5 மணிக்குக் கோயில் மணி அடிப்பது, செபம் சொல்லிக் கொடுப்பது, பிள்ளைகளை முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாரிப்பது, சாகக் கிடக்கிறவர் வீட்டுக்கு ராத்திரியில் லாந்தரோடு போவது, எல்லாம் அவர்தான். சம்பளம் என்று கையில் வந்ததைவிட, அறுப்புக் காலத்தில் நெல்லாகவும் பனங்காட்டுப் பக்கமிருந்து கருப்பட்டியாகவும் வந்ததுதான் அதிகம். ஒரு தடவை மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள். "சாமிகிட்ட துட்டு கேக்கவா நான் மணி அடிக்கேன்?" என்றார் அப்பா. எங்கள் ஊரில் சாமி என்றால் ஃபாதர். அந்த மூன்று மாதமும் நாங்கள் அத்தை வீட்டில் சாப்பிட்டோம்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் சங்கத்தின் கிளைச் செயலாளர் ஆனேன் என்றால் அது கொள்கைப் பிடிப்பால் அல்ல. 2006-இல் பழைய செயலாளர் ஓய்வு பெற்றபோது, கணக்கு வழக்கைச் சரியாக வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அவ்வளவுதான். அம்மா மட்டும் கேட்டாள்: "ஏட்டி, சாமிக்கு எதிரா கொடி புடிக்கப் போறியாமே?" இல்லம்மா, அரசாங்கத்துக்கு எதிராகத்தான் என்றேன். அது பாதி உண்மை.

உதவி பெறும் பள்ளியில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு எஜமானர்கள். சம்பளம் அரசுடையது. நியமனம், மாறுதல், தலைமையாசிரியர் பதவி எல்லாம் நிர்வாகத்துடையது. அகவிலைப்படி நிலுவை, ஊக்க ஊதியம், பழைய பென்ஷன் என்று அரசைப் பார்த்து முழக்கம் போடுகிறவரை சங்கத்தைப் போல நல்ல சங்கம் கிடையாது. ஃபாதரே ஜீப்பில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டு விட்டிருக்கிறார், உண்மையாகவே. "நல்லா சத்தம் போட்டுட்டு வாங்க டீச்சர்" என்று சிரித்தார். அதே சங்கம், மாறுதல் பட்டியலை முன்கூட்டியே ஒட்டுங்கள், சீனியாரிட்டி பாருங்கள் என்று ஆயர் இல்லத்துக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதியபோது, பதில் கடிதம் வரவில்லை. அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு தியானம் வந்தது. அரை மணி நேரம். கடைசியில் ஃபாதர் சொன்னார்: "இது வேலை இல்லை, டீச்சர்ஸ். இது அழைத்தல்."

இந்த வார்த்தையை என் 34 வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை. அழைத்தல், சேவை, அர்ப்பணம். அது பொய் என்றும் சொல்லமாட்டேன். அரையாண்டு லீவில் ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தபோது எனக்கு யாரும் காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கும் நாளில் வராது, கடிதம் எழுதும் நாளில்தான் வரும். அதுதான் எனக்குக் குறை.

2007 கோடையில் சங்கத்தின் பயிற்சி வகுப்பு ஒன்று. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சட்டம் எடுத்தார். கரும்பலகையில் 1978 என்று எழுதினார். பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கு, அதன்படி தொழில் தகராறு சட்டத்தின் கண்ணுக்குக் கல்வி நிறுவனமும் ஒரு தொழில்தான் என்றார். நாங்கள் கை தட்டினோம். பொறுங்கள் என்று பக்கத்தில் 1988 என்று எழுதினார். கோவாவில் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர்கள் நடத்திய ஒரு பள்ளியில் வேலை பார்த்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியை. 1975-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் தொழில் தகராறு சட்டத்தின்படி நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். பள்ளி தொழில்தான், ஆனால் ஆசிரியர் தொழிலாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. கல்வி புகட்டுவது ஓர் உன்னதப் பணி, பிள்ளைகளின் குணத்தை வார்ப்பது, அதை உடலுழைப்பு, எழுத்தர் வேலை என்ற பட்டியலில் சேர்க்க முடியாது என்றார்கள்.

"அப்படின்னா ஆபீஸ் கிளார்க்கு?" என்று யாரோ கேட்டார்கள். அவர் தொழிலாளிதான். பள்ளி பஸ் ஓட்டுகிறவர்? அவரும்தான். மணி அடிக்கிற பியூனுக்கு அன்றைக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு திறக்கும், மணி அடித்ததும் வகுப்புக்குள் போகிற எனக்குத் திறக்காது. 1988 நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். முதல் நாள் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சாக்பீஸ் டப்பா கொடுத்தார்கள்.

பணிக்கொடைக்கும் இதே கதைதான். 2004-இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர் பணிக்கொடைச் சட்டத்தின் 'ஊழியர்' வரையறைக்குள் வரமாட்டார் என்றது. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தையே திருத்தி, 1997-ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிப் போய் அந்த ஓட்டையை அடைத்தது. அதை எதிர்த்துத் தனியார் பள்ளிக்காரர்கள் போட்ட வழக்கு 2022-இல்தான் தள்ளுபடியானது. ஆசிரியரும் ஊழியர்தான் என்று முடிவாக இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இதற்கு மேல் எங்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு, அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு. சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை அமைத்து நிர்வகிக்கும் உரிமை. இதை நான் குறைவாகப் பேசமாட்டேன். அந்த உரிமை இல்லாவிட்டால் எங்கள் பள்ளியே இருந்திருக்காது, உபதேசியார் மகள் பி.எட். முடித்துவிட்டு எங்கே நின்றிருப்பாளோ தெரியாது. ஆனால் தனியார் பள்ளிச் சட்டத்தில் ஆசிரியருக்குப் பாதுகாப்பாக எழுதிய பல பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளி என்றதும் வாசலோடு நின்றுவிடும். யாரைத் தலைமைப் பதவியில் உட்கார வைப்பது என்பது நிர்வாகத்தின் விருப்பம், சீனியாரிட்டியைக் காட்டி அதைத் தடுக்க முடியாது என்று 2006-இல் கேரளத்தின் ஒரு கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் தீர்ப்பே இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் அப்படி நடந்தது. என்னைவிட 11 வருடம் இளையவர் தலைமையாசிரியையாக வந்தார். ஒரு சிஸ்டர். மனதில் முள் இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் அவரைப் போல ஒரு ஹெச்.எம்.மிடம் அதற்கு முன்பு நான் வேலை பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழிவறைச் சாவியைத் தன் இடுப்பில் வைத்திருந்து, தினமும் தானே திறந்து பார்த்த ஹெச்.எம். அவர்.

அந்த சிஸ்டருக்கும் என்னைப் போலவே அரசு சம்பளம். அது அவருடைய கன்னியர் சபைக்குப் போய்விடும். ஒருநாள் மாலை, மதிப்பெண் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "உங்க சங்கத்துல எங்களுக்கு இடம் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை, 5,000 ரூபாய் வேண்டும், மடத்துத் தலைவியான மதர் சுப்பீரியரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கன்னியர்கள், குருக்களின் ஆசிரியர் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பிடிக்கலாம் என்று தீர்ப்பு. பேப்பரில் அதைப் படித்தபோது எனக்கு அந்த 5,000 ரூபாய்தான் ஞாபகம் வந்தது. வரி கட்டுவதற்கு அது அவர் சம்பளம். அம்மாவின் கண்ணுக்கு அது அவர் சம்பளம் இல்லை.

பயிற்சி வகுப்பில் இன்னொரு வழக்கும் சொன்னார்கள், 1986, டெல்லியின் பிராங்க் ஆண்டனி பள்ளி. கத்தோலிக்கப் பள்ளி இல்லை, ஆங்கிலோ இந்தியர்களுடையது. ஊழியர்கள் ஊர்வலம் போனார்கள் என்று சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். சிறுபான்மை உரிமை என்ற பெயரில் ஊழியரைச் சுரண்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை நான் நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். எங்காவது பயன்படும் என்று நினைத்தேன். ஒரு தடவையும் பயன்படுத்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2012. பள்ளியின் புதுக் கட்டடத்துக்கு ஆசிரியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தவணையாகத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை. விருப்ப நன்கொடை என்றுதான் போட்டிருந்தது. ஆனால் யார் யார் இன்னும் விருப்பப்படவில்லை என்ற பட்டியலும் ஆபீஸில் இருந்தது. நாங்கள் மறுக்கவில்லை. ரசீது கொடுங்கள், தொகையை அவரவர் தீர்மானிக்கட்டும் என்று 14 பேர் கையெழுத்துப் போட்டுத் தாளாளரிடம் கொடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. ஃபாதர் வாங்கி, மடித்து, அங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஞாயிறு பூசையில் பிரசங்கம், பைபிளில் ஏழைக் கைம்பெண் தன்னிடம் இருந்ததையெல்லாம் காணிக்கையாகப் போட்ட இரண்டு காசைப் பற்றி. எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. ஒருவேளை யாரும் பார்க்கவில்லையோ என்னவோ.

ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள்.

ராத்திரி பதினொன்றரைக்கு முதலில் வந்தவர் அந்த ஃபாதர்தான். ஜீப்பை விட்டுவிட்டு நடந்தே வந்தார், ஜீப் சத்தம் கேட்டால் தெரு முழுக்க எழுந்துவிடும் என்று. அம்மாவின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விடிகிறவரை செபமாலை சொன்னார். நாங்கள் சோர்ந்து நிறுத்திய இடத்தில் அவர் எடுத்துச் சொன்னார். காலையில் கல்லறைக்குழி வெட்டுகிறவருக்குத் தானே போன் போட்டார். அடக்கப் பூசையில், உபதேசியார் மனைவி என்று அம்மாவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். எங்கள் வீட்டில் பசித்த நாட்கள் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் சொன்னார்களோ. தூக்கும்போது ஒரு முனையில் அவர் தோள் கொடுத்தார்.

அடுத்த வாரம் சங்கக் கிளைக் கூட்டம். நன்கொடை விஷயத்தை மாவட்டத்துக்குக் கொண்டுபோவதா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. தமிழ் ஐயா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த கூட்டத்துல பேசலாம்" என்றார். அடுத்த கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. நான் பணத்தைக் கட்டிவிட்டேன், ரசீது இல்லாமல்.

மில்லில் சங்கம் வைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன். மில் முதலாளி உன் கல்யாணத்தைக் கோயிலில் அறிவித்து ஓலை வாசிப்பதில்லை. உன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. உன் பாவத்தைக் கேட்டு மன்னிப்பதில்லை. எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களில், நான்கைந்து டீச்சர்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் பக்கத்து ஊருக்கு பஸ் பிடித்துப் போவார்கள். ஏன் என்று கேட்டால் சிரிப்பார்கள். பேச்சுவார்த்தை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் போய் மண்டியிட்டு, கோபப்பட்டேன் சாமி என்று எப்படிச் சொல்வது? யார் மேல் கோபம் என்று அவர் கேட்டால்?

அக்கா மகள் பிலடெல்பியாவில் இருக்கிறாள். 2011-இல் அங்கே மறைமாவட்ட உயர்நிலைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 700 பேருக்கு மேல், பள்ளி திறக்கிற செப்டம்பர் மாதத்திலேயே இரண்டு வாரம் ஸ்டிரைக் செய்தார்கள். சித்தி, உங்க ஆளுங்க இங்கேயும் இருக்காங்க என்று போனில் சொன்னாள். அப்போதிருந்து அந்த ஊர்ச் செய்திகளைக் கொஞ்சம் படிப்பேன். அங்கேயும் இதே கூத்துதான். சிகாகோ மறைமாவட்டப் பள்ளி ஆசிரியர்கள் தேர்தல் நடத்திச் சங்கம் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகம் பேச மறுத்தது. 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழிலாளர் வாரியம் திருச்சபைப் பள்ளிக்குள் வர முடியாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஆயர் மனது வைத்தால் சங்கம் இருக்கும். ஸ்கிராண்டன் என்ற மறைமாவட்டத்தில் பல வருடம் இருந்த சங்கத்தோடு இனிப் பேச மாட்டோம் என்று 2008-இல் ஒரே அறிவிப்பில் முடித்தார்கள். 2020-இல் கலிபோர்னியாவின் இரண்டு கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகளின் வழக்கு வந்தது. மறைக்கல்வியும் சொல்லிக்கொடுப்பதால் அவர்கள் கிட்டத்தட்ட குருக்களைப் போன்ற மறைப்பணியாளர்கள், அதனால் பாகுபாட்டுக்கு எதிரான வேலைவாய்ப்புச் சட்டம் அவர்களுக்கு உதவாது என்று தீர்ப்பு. அந்த இருவரில் ஒருவர் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு விடுப்பு கேட்டவர். தீர்ப்பு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

இங்கே உன்னதப் பணி, அங்கே மறைப்பணி. எந்த ஊரிலும் எங்களை யாரும் கீழே தள்ளவில்லை பாருங்கள். தூக்கி மேலே வைத்துத்தான் கையைக் கட்டுகிறார்கள்.

1891-இல் 13-ஆம் லியோ பாப்பரசர் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலில், தொழிலாளர் சங்கம் சேர்வது இயற்கை உரிமை என்று எழுதினார். அமெரிக்க ஆயர்கள் 1986-இல் இன்னும் ஒரு படி மேலே போய், திருச்சபையின் நிறுவனங்களே தங்கள் ஊழியர்களின் சங்க உரிமையை முழுதாக ஏற்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 2025 மே மாதம் புதிய பாப்பரசர் 14-ஆம் லியோ என்று பெயர் எடுத்ததற்கே அந்த 13-ஆம் லியோவின் மடலும் ஒரு காரணம் என்று அவரே சொன்னார். அவர் பிறந்தது சிகாகோவில். எங்கள் பங்கில் வெடி போட்டுக் கொண்டாடினோம், நானும் கேசரி கிண்டினேன். சிகாகோ என்றதும் எனக்கு 1979 ஞாபகம் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவும் நிர்வாகத்தைப் பற்றி. எங்களைப் பற்றியும் எழுதாவிட்டால் இது பாதிக் கதையாகிவிடும்.

எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே, அதே தாளாளரின் கீழ், அரசு உதவி பெறாத ஒரு மெட்ரிக் பள்ளி உண்டு. சுவர் கிடையாது, ஒரு வரிசை வேப்பமரம்தான் எல்லை. அந்தப் பக்கம் சுமார் 20 டீச்சர்கள், எல்லோரும் பொதுநிலையினர், பெரும்பாலும் கல்யாணமான இளம்பெண்கள். 2017-இல் அவர்களுக்கு மாதம் 7,500 ரூபாய். மே மாதம் சம்பளம் கிடையாது. மே 1 அன்று கோயிலில் தொழிலாளரான சூசையப்பர் திருவிழா. 1955-இல் பாப்பரசர் ஏற்படுத்திய திருநாள். உளி, இழைப்புளி, மண்வெட்டி எல்லாம் பீடத்தின் முன்னால் வைத்து மந்திரிப்பார்கள். உழைப்பின் மாண்பு பற்றிப் பிரசங்கம் நடக்கும். அந்த டீச்சர்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பாடகர் குழுவில் நின்று பாடுவார்கள். அன்றிலிருந்து 30 நாள் சம்பளம் கிடையாது.

அந்த வருடக் கடைசியில் ஒரு பெண், அந்தப் பக்கத்து அறிவியல் டீச்சர், ஆய்வகத்துக்கு வெங்காயத் தோல் ஸ்லைடு இரவல் கேட்டு வந்தவள், தவளைக்குப் பின்னாலிருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். "இதுல நாங்களும் சேரலாமா டீச்சர்?" 50 ரூபாய் கொடுத்தாள். நான் யோசிக்காமல் ரசீது கிழித்தேன். எண் 41.

மாவட்டப் பொருளாளர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அரசு சம்பளம் வாங்குகிறவர்தான் உறுப்பினராக முடியும், விதி அப்படி. நானும் விதியைப் படித்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. அவளிடம் சொன்னபோது, "பரவால்ல, துட்டை நீங்களே வச்சுக்குங்க. விதி மாறினா சேத்துக்கலாம்" என்றாள். அடிக்கட்டையில் சிவப்பு மையால் 'ரத்து' என்று எழுதினேன். விதியை மாற்றச் சொல்லி நான் ஒரு தீர்மானமும் கொண்டுவரவில்லை. எங்களுக்கு அப்போது பென்ஷன் போராட்டம் தலைக்கு மேல் இருந்தது.

2019 ஜனவரி 22-ஆம் தேதி, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியது. 30-ஆம் தேதி வரை, ஒன்பது நாள். 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. எனக்குப் பழைய பென்ஷன் உண்டு. என் ஸ்டாஃப் ரூமின் இளையவர்களுக்காகத்தான் போய் உட்கார்ந்தேன் என்று பெருமையாக நினைத்திருந்தேன். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் 1,70,000 பேருக்கு மேல் ஒரே அடியாக டிஸ்மிஸ் ஆனதைப் பார்த்தவர்கள் நாங்கள். பயமும் இருந்தது, கொஞ்சம் வீரமும் இருந்தது. திரும்பி வந்து என் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவின் நோட்டுகளைத் திறந்தால், ஒன்பது நாள் பாடமும் ஒழுங்காக நடந்திருக்கிறது. மரபியல் முடிந்திருக்கிறது. அழகான கையெழுத்தில் திருத்தம். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், தன் வகுப்பையும் பார்த்துக்கொண்டு என் வகுப்பையும் பார்க்க. கூடுதலாக ஒரு ரூபாய் கிடையாது.

நான் அவளிடம் கோபப்படவில்லை. கருங்காலி என்ற வார்த்தை ஸ்டாஃப் ரூமில் ஒரு தடவை எழுந்தது, தமிழ் ஐயாவுக்குப் பிறகு அவர் இடத்துக்கு வந்த சார்தான் சொன்னார். யாருடைய உரிமைக்கு அவள் துரோகம் செய்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த ஏப்ரலில் அவளும் இன்னும் மூன்று பேரும் மே மாதச் சம்பளம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். என் கடிதங்களைவிட மரியாதையான கடிதம். நான்தான் படித்துப் பார்த்துப் பிழை திருத்தினேன். ஜூனில் நான்கு பேரையும், இந்த வருடம் பிள்ளைகள் குறைவு என்று, வர வேண்டாம் என்றார்கள்.

மாவட்டச் செயலாளருக்குப் போன் போட்டேன். "அவங்க நம்ம மெம்பர் இல்லையே டீச்சர்" என்றார். சரி என்று நானே தாளாளர் அறைக்குப் போனேன். இவர் வேறு ஃபாதர், புதிதாக வந்தவர், மரியாதையானவர். எழுந்து நாற்காலி போட்டார். விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது உங்க சங்க விஷயமா டீச்சர்?" என்றார்.

"இல்ல, ஃபாதர்."

"அப்புறம்?"

எனக்கு அந்த 'அப்புறம்'-க்குப் பதில் தெரியவில்லை. 34 வருட சர்வீஸில் 31-ஆவது வருடம் அது. தோத்திரம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற அன்று ஆய்வகத்தைக் காலி செய்தேன். தவளை ஜாடியின் மூடி இறுகிப்போயிருந்தது. பியூன் அதைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தார். ரசீதுப் புத்தகங்களைப் புதுச் செயலாளரிடம் கொடுத்தேன், ஒன்றைத் தவிர.

போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது பக்கத்து ஊரில் ஒரு தனியார் பள்ளி, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறாள். வேலையில் இருக்கிறவர்களும் டெட் எழுதித்தான் ஆக வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எல்லாப் பக்கமும் ஓட்டம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்துமா என்பது பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது. நமக்கெதுக்கு டீச்சர் அந்த வம்பு, படிச்சு வச்சுருவோம் என்றாள். நான் என் பழைய நோட்டுகளை எடுத்து வைத்தேன். முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே, "சங்கம் இன்னும் இருக்கா டீச்சர்?" என்றாள்.

"இருக்கு."

"அப்போ என் அம்பது ரூவா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் எழுந்து போய் பீரோவிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தேன். எண் 41. அடிக்கட்டையோடு அந்த 50 ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தேன். ஊசி துருப்பிடித்து, காந்தி முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. அவள் அந்தச் சிவப்பு எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"நல்லாருக்கு" என்றாள். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, கை துடைத்துக்கொண்டு, மரபியல் நோட்டைத் திறந்தாள்.